மணிச்சத்தும் மாத்திரையும்: ஓர் உணவுத்தாளின் மீது சில குறைகள்

தேன்கனிக்கோட்டையில் உரக்கடைக்கு வரும் எந்த விவசாயியையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று விரல் மடக்கிச் சொல்வார். டி.ஏ.பி. மூட்டையின் மேல் 18-46-0 என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதில் நடுவில் நிற்கும் 46 மணிச்சத்தின் கணக்கு என்பதும் அவருக்குத் தெரியும். பயிர் வேர் பிடிக்கவும் கதிரில் மணி திரளவும் அது வேண்டும் என்று நமக்கே பாடம் நடத்துவார்.

அதே விவசாயிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, ஓசூரில் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார். அங்கே அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். 'பாஸ்பரஸ் அதிகமுள்ள உணவுகளைத் தவிர்க்கவும்' என்று அது தொடங்குகிறது. பாஸ்பரஸ் என்றால் தீப்பெட்டியில் பூசும் மருந்துதானே, அதை யார் தின்றார்கள் என்று அவர் நினைத்தால் குற்றம் அவருடையதன்று. பாஸ்பரஸ் என்பது அவருடைய மணிச்சத்துதான், பொட்டாசியம் என்பது அவருடைய சாம்பல்சத்துதான் என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் எழுதுகிறோம். ஒரு நோயாளி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் சமைப்பவருக்குப் படித்துக் காட்டி, பல மாதங்கள் வாழ்ந்து தீர்க்க வேண்டிய ஒற்றைத் தாளுக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எனக்கு ஒருவர் காட்டிய தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. எந்த மருத்துவமனையுடையது என்று சொல்லப்போவதில்லை; இத்தகைய தாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருக்கிறது. பால், தயிர், ராகி, பருப்பு வகைகள், நிலக்கடலை, முட்டை, இறைச்சி என்று ஒரு பட்டியல். அதற்குக் கீழே 'தவிர்க்கவும்' என்னும் ஒரு சொல்.

கிணற்றில் ஊறும் தண்ணீர்

தாளைக் குறை சொல்லுமுன், அது எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவது நியாயம். நம் உடலில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தத்திலும் மற்ற நீர்மங்களிலும் ஓடுவது ஒரு சதவீத அளவே. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை பாஸ்பரஸ் இருக்கும். தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவருக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது.

மிஞ்சிய பாஸ்பரஸ் ஓசைப்படாமல் வேலை செய்யும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். உடலில் நீர் கோத்தால் மூச்சுத் திணறும். பாஸ்பரஸ் ஏறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். நாளடைவில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாக வேலை செய்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். எலும்பு நொய்யும், இரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படியும். அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வொன்றில், பாஸ்பரஸ் 6.5 மி.கி.க்கு மேல் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 27 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. ஒன்றோடு ஒன்று கூடவே காணப்படுவது வேறு, காரணமாவது வேறு என்பதை அறிவியல் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் அலட்சியம் செய்யக்கூடிய எண் அன்று.

சரி, டயாலிசிஸ் இயந்திரம் இதை எடுத்துவிடாதா? எடுக்கும், ஆனால் அதன் கை இரத்தம் வரைதான் எட்டும். கிணற்றில் மோட்டார் போட்டு நான்கு மணி நேரம் இறைப்பதை எண்ணிப் பாருங்கள். முதல் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் மடமடவென்று இறங்கும். பிறகு ஊற்றுகள் சுரந்துகொண்டே இருப்பதால் மட்டம் அதிகம் இறங்காது. மோட்டாரை நிறுத்தியதும் மறுபடி ஏறும். இரத்தத்தில் பாஸ்பரஸும் இப்படித்தான். உயிரணுக்களும் எலும்பும் பக்கத்து ஊற்றுகள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 900 மி.கி. பாஸ்பரஸ் உணவில் சேர்கிறது, அதில் 60 சதவீதம் குடலில் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். வாரத்துக்கு 3,780 மி.கி. உள்ளே வருகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில், தோராயமாக 800 மி.கி. வெளியேறும். வாரம் மூன்று முறை என்றால் 2,400. இரண்டு முறை என்றால் 1,600. மீதியைப் பிடிக்க மாத்திரை உண்டு. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட், ஏறத்தாழ 40 மி.கி. பாஸ்பரஸைத்தான் குடலில் கட்டிப்போடும். தினம் மூன்று கிராம் சாப்பிட்டால் வாரத்துக்கு 840 மி.கி. கூட்டிக் கழித்துப் பாருங்கள். மூன்று முறை வருபவருக்கே 540 மி.கி. மிஞ்சுகிறது, இரண்டு முறை வருபவருக்கு 1,340.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தாளைப் பற்றிய என் முதல் குறை இதிலிருந்தே பிறக்கிறது. மாதாந்தரச் சோதனையில் எண் ஏறியிருந்தால், 'வாயைக் கட்டவில்லை' என்று நோயாளியைத்தான் கடிந்துகொள்கிறோம். கணக்கோ, வாயைக் கட்டினாலும் தேறாது என்கிறது. பிரான்சில் தாசான் என்னும் ஊரில் ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம் டயாலிசிஸ் செய்து புகழ் பெற்றார்கள். கனடாவின் டொராண்டோவில் 1990களில், வீட்டிலேயே வாரத்தில் ஆறு இரவுகள் உறக்கத்தில் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவ்வாறு செய்தவர்கள் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று ஆயிற்று. சிலருக்குப் பாஸ்பரஸ் அளவுக்கு மீறிக் குறைந்ததால், சுத்திகரிப்பு நீரில் அதைக் கலக்கவே வேண்டியிருந்தது. நேரமும் ஒரு மருந்து என்பதே இதன் பொருள். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வருபவர், தாமதமாக வந்து மூன்றரை மணி நேரத்தில் எழுந்து போவாரானால், அவர் இழப்பது அரை மணி மட்டுமன்று. உணவுத்தாளில் இந்த நேரத்தைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை.

ராகியின் மேல் வழக்கு

இரண்டாவது குறை ராகியைப் பற்றியது. தேன்கனிக்கோட்டைச் சீமையில் ராகியைத் தவிர்க்கவும் என்று எழுதுவது, கடற்கரையில் மீனைத் தவிர்க்கவும் என்று எழுதுவது போலத்தான். தமிழ் பேசும் வீட்டில் களி, கன்னடம் பேசும் வீட்டில் முத்தே. தெலுங்கு பேசும் வீட்டிலும் உருண்டை அதேதான். அவரைக்குழம்போ கொள்ளுச் சாறோ ஊற்றி விழுங்கினால் அன்றைய பாடு முடிந்தது.

தாள் எழுதியவர் எங்கிருந்து இதைப் பிடித்தார் என்பது தெளிவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காகக் கோபாலனும் பிறரும் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்புப் பட்டியலில், 100 கிராம் ராகியில் 283 மி.கி. பாஸ்பரஸ் என்றிருக்கிறது, தீட்டிய பச்சரிசியில் 160. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய பட்டியலில் இரண்டுமே குறைந்து, ராகிக்கு ஏறத்தாழ 210, அரிசிக்கு 96 என்று காண்கிறோம். எப்படிப் பார்த்தாலும் ராகியில் அரிசியைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே ராகி குற்றவாளி என்று தீர்ப்பு.

ஆனால் தானியத்தில் இருப்பது வேறு, குடலில் ஏறுவது வேறு. விவசாயி அதை மணிச்சத்து என்று சொல்வதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. செடி தன் மணியில் பாஸ்பரஸைச் சேமித்து வைப்பது, நாளைக்கு முளைக்கப்போகும் நாற்றுக்காக. பைட்டேட் என்னும் பொருளாகப் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பைட்டேஸ் என்னும் நொதி. முளைக்கும் விதையில் அது உண்டு. நம் குடலில் மிகவும் சொற்பம். எனவே தானியத்திலும் பருப்பிலும் உள்ள பாஸ்பரஸில் ஒரு பெரும்பகுதி ஏறாமலே வெளியேறிவிடுகிறது. இறைச்சியிலும் பாலிலும் உள்ளது இதைவிட எளிதில் ஏறும்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஷாரன் மோ என்னும் மருத்துவரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் பழுதுபட்ட, ஆனால் டயாலிசிஸ் நிலைக்கு வராத ஒன்பது பேருக்கு, ஒரு வாரம் தானியமும் பயறும் சார்ந்த சைவ உணவும், ஒரு வாரம் இறைச்சியும் பாலும் சார்ந்த உணவும் தந்தார்கள். இரண்டிலும் பாஸ்பரஸின் அளவு ஏறக்குறைய ஒன்றே. சைவ உணவு உண்ட வாரத்தில் இரத்தப் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. ஒன்பது பேர்தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும், தட்டில் உள்ள மில்லிகிராமை மட்டும் எண்ணுவது போதாது என்று அது காட்டிவிட்டது. பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி நெறிகளும் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பாஸ்பரஸ் எந்த மூலத்திலிருந்து வருகிறது என்பதையும் கருதுக என்று சேர்த்துக்கொண்டன. நம் தாள்களில் பலவற்றுக்கு இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

உடனே ராகிக்கு வெற்றி என்று முழங்கிவிடாதீர்கள். அதில் சாம்பல்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு உண்டு. பொட்டாசியம் ஏறியிருப்பவருக்கு அளவு குறைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று: ராகியை முளைகட்டி அரைத்த மாவு குழந்தைகளுக்கு நல்லது என்கிறோம். முளைக்கும்போது பூட்டு திறந்து, இரும்புச்சத்து எளிதில் ஏறும் என்பதே காரணம். அதே காரணத்தால் பாஸ்பரஸும் விடுபடுகிறது. குழந்தைக்கு நன்மையானது டயாலிசிஸ் நோயாளிக்கு அதே அளவில் நன்மையாகாது. 'ராகி' என்று ஒற்றைச் சொல் எழுதி அடித்துவிட்டால், இந்த வேறுபாட்டை எங்கே சொல்வது? எவ்வளவு களி, என்ன மாவு, கூட என்ன குழம்பு என்பதை ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைப் படித்துவிட்டு நோயாளிகள் தாமாக உணவை மாற்ற வேண்டாம். இரத்தச் சோதனையை வைத்துக்கொண்டு மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேளுங்கள்.

தாளில் இல்லாத பெயர்களோ இதைவிடக் கவலை தருகின்றன. ஓசூரைச் சுற்றி ஆலைகள் பெருகிய பின் சாலையோரமெல்லாம் பேக்கரிகள், உடனடி நூடுல்ஸ், கறுப்புக் குளிர்பானம். கறுப்பு நிறக் கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கிறார்கள். பதப்படுத்திய சீஸ், பதப்படுத்திய இறைச்சி, சிலவகை பேக்கிங் பவுடர் ஆகியவற்றில் பாஸ்பேட் உப்புகள் உண்டு. இவற்றுக்குப் பூட்டே கிடையாது. பெரும்பாலும் முழுதும் குடலில் ஏறிவிடும். பொட்டலத்தின் பின்புறம் எத்தனை மி.கி. என்று போட்டிருக்காது. ஆனால் சேர்மானப் பட்டியலில் எண்கள் இருக்கும்: 338 என்றால் பாஸ்பாரிக் அமிலம், 339, 340, 341, 450, 451, 452 ஆகியவை பாஸ்பேட் வகைகள். படிக்கத் தெரிந்த ஒரு பேரன் இந்த ஏழு எண்களை மனப்பாடம் செய்தால் வீட்டுக்கே காவல். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கேதரின் சல்லிவனும் பிறரும் 279 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பொட்டலத்தையும் உணவகப் பண்டங்களையும் பார்த்து இத்தகைய சேர்மானங்களைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் அவர்களுடைய பாஸ்பரஸ், மற்றவர்களைவிட 0.6 மி.கி. கூடுதலாகக் குறைந்தது. ஒரு மாத்திரையும் சேர்க்காமல் கிடைத்த பலன் இது. களியை அடித்துவிட்டுக் கோலாவை மறந்த தாளை என்னென்பது!

மாத்திரை எப்போது?

பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரைக்கு இரத்தத்தில் வேலை இல்லை. குடலில், சோற்றோடு கலந்து, சோற்றிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதே அதன் முழு வேலையும். 1970களில் இதற்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். அலுமினியம் உடலில் தங்கி மூளையையும் எலும்பையும் கெடுப்பது தெரிந்தபின், 1980களில் கால்சியம் கார்பனேட்டுக்கு மாறினார்கள். கால்சியமும் அளவு மீறினால் இரத்தக் குழாயில் படியுமே என்ற அச்சம் வந்தது. 1998இல் அமெரிக்காவில் செவலமர் ஒப்புதல் பெற்றது. அதில் கால்சியம் இல்லை. விலை அதிகம், மாத்திரையும் பெரிது. எதுவானாலும் விதி ஒன்றே: சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் பயன். வெறும் வயிற்றில் விழுங்கினால் கட்டுவதற்கு எதிரில் ஒன்றும் இல்லை.

சீட்டிலோ 1-1-1 என்று எழுதியிருக்கிறது. காலை, மதியம், இரவு. ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு எது காலை, எது இரவு? அவர் வயிறு நிறையச் சாப்பிடுவது நள்ளிரவு கேண்டீனில். மாத்திரையோ வீட்டு அலமாரியில். காலையில் வந்ததும் ஒரு தேநீரோடு 'காலை மாத்திரை'யை ஒழுங்காக விழுங்கிவிட்டுப் படுக்கிறார். கேட்டால் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்பார், அது உண்மையும்கூட. எண் மட்டும் இறங்காது. அடுத்த மாதம் மாத்திரையைக் கூட்டி எழுதுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் செவிலியர்தான். மருத்துவர் சில நிமிடங்கள் பார்க்கிறார். செவிலியரோ ஊசி குத்தி, இயந்திரத்தில் இணைத்து, நான்கு மணி நேரம் பக்கத்திலேயே நடமாடுகிறார். வாரத்தில் எட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒரே ஆளை ஒரே இடத்தில் உட்காரவைத்திருக்கும் மருத்துவம் வேறு எது? "அண்ணா, நேத்து பெரிய சாப்பாடு எப்போ சாப்பிட்டீங்க?" "ராத்திரி பன்னெண்டரைக்கு சிஸ்டர், கேண்டீன்ல." "அப்போ மாத்திரை?" "அது வீட்ல இருந்தது." இந்த மூன்று வரியில் கிடைப்பதை எந்த ஆய்வுக்கூடமும் தராது. மாத்திரையைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு ரப்பர் வளையம் போட்டு வையுங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மலச்சிக்கல் வருகிறதென்று தாமே பாதியாகக் குறைத்துக்கொண்டவர் உண்டு. மாதக் கடைசியில் வாங்கப் பணமில்லாமல் விட்டவர் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் சொல்லக் கூசுவதைச் செவிலியரிடம் சொல்வார்கள், கேட்கும் விதத்தில் கேட்டால்.

ஆனால் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல இயந்திரங்களைக் கவனிக்கிறார். ஒருவருக்கு இரத்த அழுத்தம் விழுகிறது, இன்னொருவருக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது, மூன்றாவது இயந்திரம் மணி அடிக்கிறது. அதற்கிடையில் களியைப் பற்றிப் பேச நேரம் எங்கே? பேச்சுக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லாததால்தான் தாள் வந்தது. தாளைக் குறை சொல்லும்போது இதையும் சொல்லாவிட்டால் அநியாயம்.

தாள் செய்யும் கெடுதல்களில் கடைசியாக ஒன்று. கீழ்ப்படியும் நோயாளி பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்: பால், பருப்பு, முட்டை, இறைச்சி. பாஸ்பரஸ் இறங்குகிறது, ஆளும் இறங்குகிறார். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் குறைவாகவல்ல, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அமெரிக்காவில் முப்பதாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை ஒன்றில், பாஸ்பரஸோடு புரதமும் சேர்ந்து குறைந்தவர்களைவிட, புரதம் கூடிப் பாஸ்பரஸ் குறைந்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். முட்டை என்று மொத்தமாக அடித்த இடத்தில், மஞ்சள் கருவை நீக்கி வெள்ளைக் கருவைச் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பாஸ்பரஸ் ஏறக்குறைய எல்லாம் மஞ்சளில்தான். வெள்ளையில் நல்ல புரதம். பருப்பையும் கீரையையும் வேகவைத்த நீரை வடித்தால் கொஞ்சம் குறையும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, வயிற்றறை வழியாக வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் தருவதாக அத்திட்டம் அமைந்தது. வீட்டு வாசல் வரை ஒருவர் வருவது இங்கே புதிதன்று. வருபவர் அடுப்பங்கரையையும் எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ கேட்டு, அதை ஓசூரில் இருக்கும் செவிலியருக்குச் சொல்லி அனுப்பினால், தாளில் எழுத முடியாதவற்றில் பாதி தீர்ந்துவிடும்.

என் முன்னால் இருக்கும் தாளைத் திருத்தித் தரச் சொன்னால், 'தவிர்க்கவும்' என்ற சொல்லுக்கு மேலே முதல் வரியாக ஒரு கேள்வியை எழுதுவேன்: நேற்று எத்தனை வேளை, எந்தெந்த நேரத்தில் சாப்பிட்டீர்கள்? விடையை எழுதிக்கொள்ள இடம் வேண்டும். தாளின் பின்பக்கம் முழுதும் காலியாகத்தான் கிடக்கிறது.